அலறும் லேப்டாப்

அத்தியாயம் ஏழு

மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஏறி வரும் சத்தம் கேட்டதும் ரேடியோ பேச்சை நிறுத்தினாள். அவள் வாய் மூடுவது அபூர்வம் என்பதால், மேஜைக்கு அந்தப் பக்கம் இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்த அண்ணி தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

அண்ணியைத் தெருவில் எல்லோரும் பூதக்கண்ணாடி என்பார்கள். அவள் போட்டிருக்கும் கண்ணாடியின் கனம் ஒரு காரணம். யார் எதை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்பது இன்னொரு காரணம். ஆனால் அன்றைக்கு அந்தக் கண்ணாடியின் ஸ்க்ரூ விழுந்து, வலது காது கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. வேறு ஸ்க்ரூ போட்டு முடுக்கலாம் என்றால் குட்டி ஸ்க்ரூ டிரைவரும் காலையிலிருந்து காணவில்லை.

"ஊர்ல தொலைஞ்சதை எல்லாம் கண்டுபிடிக்கிறீங்க. சொந்த ஸ்க்ரூ டிரைவரைக் காணோம். வெளியில சொல்லிடாதீங்க அண்ணி, பிழைப்பு போயிடும்" என்று ரேடியோ அரை மணி நேரமாகக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள்.

ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பேர் வாங்கியவள், அண்ணியின் நாத்தனார். காலையில் கீழ்த்தளத்தில் இருக்கும் அண்ணனின் மின்விசிறி ரிப்பேர் கடையில் சீட்டு எழுதுவாள். மதியம் சாப்பிட்டுவிட்டு மாடிக்கு வந்தால், அண்ணி அங்கே நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளர். இரண்டு வேலையையும் காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டே செய்வாள். இன்று காலையில்கூட அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். "சீட்டுல நம்பர் போடு, பொருள் எழுது, போதும். பூனை படம் எதுக்கு வரையறே?" என்று அவன் கேட்டதற்கு, "போன்ல பேசறப்போ கை சும்மா இருக்காதுண்ணா" என்றாள்.

கதவு திறந்தது. ஒல்லியான இளைஞன் ஒருவன் நின்றான். சட்டையில் பென்குயின் படம். தோள் பையில் பென்குயின் படம். பேயறைந்த முகத்தோடு, கறுப்பாக ஒரு செங்கல்லை மார்போடு அணைத்திருந்தான்.

"கொலையா?" ரேடியோ ஆசையாகக் கேட்டாள்.

"லேப்டாப்பைக் காணோம் மேடம்."

"இது?"

"அதோட சார்ஜர்."

"சார்ஜரே இந்தக் கனமா? அப்ப லேப்டாப்பைத் தூக்கறதுக்கு ரெண்டு திருடன் வந்திருப்பாங்க."

"அது கேமிங் லேப்டாப் மேடம்" என்றான் பென்குயின், பெருமையும் அழுகையும் சேர்ந்த குரலில். "பெரிய பெரிய விளையாட்டெல்லாம் ஓடுறதுக்காகச் செஞ்சது. நான் அதுல லினக்ஸ் போட்டிருக்கேன். கம்ப்யூட்டரை ஓட்டற இலவச மென்பொருள், இந்தப் பென்குயின்தான் அதோட சின்னம்."

அண்ணி கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கேட்டாள். "கடையில வாங்கினப்போ அதுல எதுவும் இல்லையா தம்பி?"

"விண்டோஸ் இருந்துச்சு."

"நல்லா ஓடலையா?"

"நல்லாத்தான் ஓடிச்சு."

"பின்ன எதுக்கு லினக்ஸ்?"

இந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்டதில்லை என்பதுபோல அவன் விழித்தான். "சுதந்திரம் மேடம்" என்றான் கடைசியில். "லினக்ஸ்ல எல்லாமே நம்ம இஷ்டம். எல்லாமே பிரமாதமா ஓடும். என்ன, விசிறி மட்டும் ஏரோப்ளேன் மாதிரி அலறும். மூடி வச்சா திரும்ப எழுந்திருக்காது. பேட்டரி ஒரு மணி நேரம்தான். இடது பக்க ஸ்பீக்கர் மட்டும் பேசும். கீபோர்டு விளக்கு பச்சையிலயே நின்னு போச்சு. மத்தபடி ஒரு குறை இல்ல."

"மத்தபடின்னு ஏதாவது மிச்சம் இருக்கா?" என்றாள் ரேடியோ.

அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன அவசரம்? அதைச் சொல்லுங்க" என்றாள்.

அவசரம் இதுதான். பென்குயின் இரண்டு வருடமாக ஒரு விளையாட்டைத் தனி ஆளாக உருவாக்கியிருந்தான். அதை இன்று மாலை ஐந்து மணிக்குள் ஒரு கம்பெனிக்கு இணையத்தில் அனுப்ப வேண்டும். பிடித்துவிட்டால் வேலை தருவார்கள். அனுப்பாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து மனைவியின் சித்தப்பா நடத்தும் மெத்தைக் கடையில் சேர வேண்டும்.

"மெத்தைக் கடையில என்ன வேலை?"

"வர்றவங்களுக்கு மெத்தையில படுத்துக் காட்டுற வேலை மேடம்."

"அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களா?" என்று ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அண்ணி குறுக்கிட்டாள். "விளையாட்டோட நகல் வேற எங்கயாவது வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேனே! தினம் தவறாம எடுத்து வைப்பேன்."

"எங்க?"

"அதே லேப்டாப்ல, விண்டோஸ் இருக்கற பக்கம்."

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் பென்குயின் தலையில் கை வைத்துக்கொண்டான்.

சுவர்க் கடிகாரம் ஒன்று நாற்பது காட்டியது. "எப்பத் தொலைஞ்சது?" என்றாள் அண்ணி.

"காலையில பத்துலருந்து பத்தே முக்காலுக்குள்ள."

"இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?"

"லினக்ஸ்காரங்க பேசிக்கிற இடத்துல போன்ல கேள்வி போட்டுட்டுக் காத்திருந்தேன். நாலு பேர் பதில் சொன்னாங்க. மூணு பேர் வேற வகை லினக்ஸுக்கு மாறச் சொன்னாங்க."

"நாலாவது ஆள்?"

"கேள்வியைத் தப்பான இடத்துல போட்டுட்டியேன்னு திட்டினாரு."

பென்குயின் வீடு அடுத்த தெருவில், மூன்றாம் மாடியில். முன் அறையின் ஒரு மூலையில் தையல் மிஷின். அவன் மனைவி துணி தைப்பவள். மிஷினைச் சுற்றித் தரையெல்லாம் நூலும் வெட்டுத் துணியும் கிடந்தன. அதை ஒட்டியே பென்குயினின் மேஜை. அதில் பெரிய ஹெட்போன், ஏழு பட்டன் வைத்த மவுஸ், நடுவில் லேப்டாப் இருந்த இடத்தில் மட்டும் தூசி இல்லாத ஒரு சதுரம்.

"விளையாட்டோட துண்டுகளை எல்லாம் ஒண்ணா சேர்த்துக் கட்டச் சொல்லி லேப்டாப்புக்கு உத்தரவு கொடுத்தேன் மேடம்" என்றான். "அது கட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அப்பத்தான் விசிறி ரொம்ப அலறும். அதுல உக்கார முடியாதுன்னு குளிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா வீடே அமைதியா இருந்துச்சு. முதல்ல அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம்தான் மேஜையைப் பார்த்தேன்."

"நான் தைச்ச துணியைக் குடுக்கப் போயிருந்தேன்" என்றாள் மனைவி. "அப்பாதான் உள்ள இருந்தார்."

பக்கத்து அறையில் கட்டிலில் ஒரு பெரிய உருவம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தது. அந்தப் புழுக்கத்திலும் தலை வரை போர்வை.

"என் மாமனார். முப்பது வருஷம் கப்பல் எஞ்சின் அறையில வேலை பார்த்தவர்" என்று பென்குயின் குரலைத் தாழ்த்தினான். "எல்லாரும் கப்பல் மாமான்னு கூப்பிடுவாங்க. போன மாசம் 'விசிறியைத் திறந்து பார்க்கட்டுமா'ன்னு கேட்டார். 'தொடவே கூடாது, இது லினக்ஸ் பிரச்சினை'ன்னு சொன்னேன். அதுலருந்து எங்கிட்ட பேசறதில்ல."

"அண்ணி, கேஸ் முடிஞ்ச மாதிரிதான்" என்றாள் ரேடியோ. அவள் கண்கள் பளபளத்தன. "லேப்டாப் அலறும்னு சொன்னாருல்ல? அலறல் எங்க கேக்குதோ அங்க இருக்கான் திருடன். இந்தக் கட்டடத்தை ஒரு அலசு அலசிட்டு வந்துடறேன்."

அண்ணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ரேடியோ படியில் இருந்தாள்.

நான்காம் மாடியில் முதல் அலறல் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். பாதித் தலை ஈரமும் பாதித் தலை காய்ந்ததுமாக ஒரு அம்மாள் கையில் ஹேர் டிரையரோடு நின்றாள். ஐந்தாம் மாடியில் மாவு கலக்கும் மிஷின். இரண்டாம் மாடியில் ஒருவர் சோபாவுக்கு அடியில் வாக்யூம் க்ளீனரைச் செலுத்திக்கொண்டிருந்தார். ரேடியோ கீழே குனிந்து எட்டிப் பார்த்ததில் அவள் துப்பட்டாவின் நுனியை அது விழுங்கிவிட்டது. அதை மீட்கவே பத்து நிமிடம் ஆனது. முதல் மாடியில் கேட்டதுதான் பயங்கரமான அலறல். கதவைத் தட்டி, "கையைத் தூக்கு!" என்று கத்தினாள். குழந்தை ஏற்கெனவே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டுதான் அழுதுகொண்டிருந்தது. அதன் அப்பா ரேடியோவை நன்றாகத் திட்டினார்.

அவள் மூன்றாம் மாடிக்குத் திரும்பியபோது மணி மூன்று. அண்ணி அதே நாற்காலியில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"பேட்டரி எவ்வளவு நேரம் வரும்னார்?" என்றாள் அண்ணி.

"ஒரு மணி நேரம்."

"சார்ஜர் எங்க இருக்கு?"

"அவர் மடியில."

"அப்ப பதினொன்னே முக்காலுக்குள்ளயே உயிர் போயிருக்கும். உயிர் போன லேப்டாப் எப்படி அலறும்?"

ரேடியோ சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இதை நான் அஞ்சு மாடி ஏறி இறங்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல அண்ணி?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ இடம் குடுத்தாத்தானே?"

பிறகு அண்ணி எழுந்து மேஜைக்கு முன் நின்றாள். "சார்ஜரை விட்டுட்டுப் போயிருக்கான். அதனால, ஓட்டறதுக்காக எடுக்கல. விலை போற ஹெட்போனை விட்டுட்டுப் போயிருக்கான். அதனால, விக்கறதுக்காகவும் எடுக்கல. ஏம்மா, வீட்டுல வேற ஏதாவது காணோமா?"

"கொடியில கிடந்த துண்டு" என்றாள் மனைவி.

"ஆங். அடிபடாம இருக்கணும்னு துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போயிருக்கான். இவ்வளவு அக்கறை வெளியாளுக்கு வராது." அவள் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். "என்ன மாமா, சரிதானே?"

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. "நான் எதையும் திருடல."

"திருடினீங்கன்னு யாருமே சொல்லலையே?"

போர்வை விலகியது. முதலில் மீசை வெளியே வந்தது. அதற்குப் பின்னால் கப்பல் மாமா எழுந்து உட்கார்ந்தார். அண்ணி அவரைப் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய அவர் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து மஞ்சளாக ஒரு அட்டை எட்டிப் பார்த்தது. அதில் பேனாவால் வரைந்த இரண்டு காதுகள். அண்ணி அதை மெல்ல உருவினாள்.

பூனைத் தலை. கழுத்தோடு கிழிந்திருந்தது.

"தலை இங்க இருக்கு. உடம்பு எங்க?" என்று அட்டையை ரேடியோவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

ரேடியோ பார்த்தாள். இடது பக்கம் மூன்று மீசை முடி, வலது பக்கம் இரண்டு. வலது பக்கம் மூன்றாவதை வரையும்போதுதான் பேனா மை தீர்ந்தது. அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அண்ணன் கடையில் எல்லாச் சீட்டையும் இரண்டாகக் கிழிப்பார்கள். தலைப் பாதி வந்தவருக்கு. வால் பாதி பொருளோடு கட்டப்படும். பூனைக்குக் கீழே அவளுடைய சொந்தக் கையெழுத்தில் இருந்தது: 'நம்பர் 11. டேபிள் ஃபேன், சின்னது. அலறுதாம்.'

அன்றைக்கு இரண்டாம் முறையாக ரேடியோ வாயை மூடினாள்.

"துண்டுல சுத்திக் கொண்டாந்து வச்சாரு" என்றாள், சுரத்தே இல்லாமல். "என்னன்னு கேட்டேன். 'விசிறி அலறுது'ன்னாரு. நான் போன்ல இருந்தேன். அதனால துண்டைத் திறந்து பார்க்கல."

"நீ என்னைக்குப் போன்ல இல்ல?" என்றாள் அண்ணி.

பென்குயின் மாமனார் பக்கம் திரும்பினான். "மாமா! மின்விசிறி கடைக்கா கொண்டு போனீங்க?"

கப்பல் மாமா தரையைப் பார்த்துப் பேசினார். "எஞ்சின் அறையில முப்பது வருஷம் தூங்கியிருக்கேன். அந்தச் சத்தம் ஒரே சீரா இருக்கும். தாலாட்டு மாதிரி. இது ஏறுது, இறங்குது, நடுவுல அழுவுது. தாங்க முடியாம அஞ்சு நிமிஷம் மூடி வைப்போம்னு மூடினேன் மாப்பிள்ளை. திறந்தா ஒரே இருட்டு. எந்தப் பட்டனைத் தட்டினாலும் அசையல. தொடாதேன்னு நீ சொன்ன ஒரே பொருளைத் தொட்டுக் கொன்னுட்டேனேன்னு துண்டை எடுத்துச் சுத்தினேன். நீ குளிச்சுட்டு வர்றதுக்குள்ள எடுத்துட்டு ஓடினேன். கடைசியா எது கத்திச்சோ அதைத்தானே சரி பண்ணணும்?"

"மாமா! அது சாகல! மூடினா எப்பவும் அப்படித்தான் ஆகும். பவர் பட்டனைப் பத்து செகண்ட் அமுக்கினா எழுந்துடும்!"

"இதை நீ எனக்கு எங்க சொன்ன?"

"நீங்கதான் எங்கிட்ட பேசறதே இல்லையே?"

"சண்டையை அப்புறம் வச்சுக்கங்க" என்றாள் அண்ணி, கண்ணாடியை அழுத்திப் பிடித்தபடி. "இந்த நேரத்துக்கு என் வீட்டுக்காரர் அதை என்ன பண்ணிட்டிருக்காரோ!"

ஐந்து பேரும் கடைக்குள் ஓடி நுழைந்தபோது மணி மூன்றரை. தரை முழுக்க விசிறி இறக்கைகளும் கம்பி வலைகளும் சிதறிக் கிடந்தன. நடுவில் செய்தித்தாளை விரித்து ரேடியோவின் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். செய்தித்தாளின் மேல் பென்குயினின் லேப்டாப் நாற்பது துண்டாகக் கிடந்தது. அண்ணனின் கையில் அண்ணியின் குட்டி ஸ்க்ரூ டிரைவர்.

"என்னங்க!" என்றாள் அண்ணி.

"வா, வா! நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றான் அண்ணன், முகமெல்லாம் மலர. "இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு டேபிள் ஃபேனைப் பார்த்ததில்ல. இறக்கை ஒவ்வொண்ணும் நகத்துல பாதி. வேகத்தைக் கூட்டிக் குறைக்க மட்டும் நூறு பட்டன் வச்சிருக்கான்!"

பென்குயின் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். "மெத்தைக் கடை..." என்று மட்டும் அவன் வாயிலிருந்து வந்தது.

"அடைச்சிட்டிருந்ததை எல்லாம் எடுத்துட்டேன். பார்க்கறீங்களா?" அண்ணன் ஒரு தட்டை நீட்டினான். அதில் உள்ளங்கை அளவுக்கு, தடிமனாக, பல நிறத்தில் ஒரு பஞ்சுப் பாளம்.

பென்குயினின் மனைவி அதைக் கையில் வாங்கிப் பிரித்தாள். "இந்த நீலம் போன வருஷம் தைச்ச பள்ளிக்கூட யூனிஃபார்ம். இந்தப் பச்சை வங்கி வாட்ச்மேன் சட்டை. அடியில இருக்கற மஞ்சள்... ஏங்க, இது நீங்க லேப்டாப் வாங்கின மாசம் தைச்ச திரைச்சீலைங்க!"

பென்குயின் அந்தப் பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாப்பத்தேழு தடவை கேள்வி போட்டேன்" என்றான் மெதுவாக. "நாலு லினக்ஸ் மாத்தினேன். விசிறி அலறுதுன்னு மூவாயிரம் வரி படிச்சேன். ஒருத்தர்கூடத் திறந்து பாருன்னு சொல்லல."

"நான் சொன்னேனே" என்றார் கப்பல் மாமா.

பென்குயின் பாளத்தை வாங்கி அவர் கையிலேயே கொடுத்தான்.

"இப்ப இதைத் திரும்பப் பூட்டத் தெரியுமா?" என்று அண்ணி கேட்டதும் அண்ணனின் முகம் சுருங்கியது. "கழட்டின வரிசையிலதானே வச்சிருக்கேன்? அதெல்லாம் பூட்டிடுவேன்" என்றான். எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தார்கள். கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிச்சமானது. அண்ணி அதை எடுத்துத் தன் கண்ணாடியின் காதில் வைத்து முடுக்கிப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. லேப்டாப்புக்கு அது தேவைப்பட்டதா இல்லையா என்று யாரும் விசாரிக்கவில்லை.

சார்ஜர் செருகப்பட்டது. பென்குயின் பட்டனை அமுக்கினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின.

"ஐயோ, போச்சு!" என்று ரேடியோ அலறினாள்.

"இல்ல மேடம், இப்படித்தான் எழுந்திருக்கும்" என்றான் பென்குயின், கண்ணில் நீர் முட்ட.

ஆனால் மணி நான்கு முப்பது. காலையில் கட்டிக்கொண்டிருந்தது பாதியிலேயே அறுந்துவிட்டது. முதலிலிருந்து கட்ட வேண்டும். அதற்கு முக்கால் மணி நேரம். ஐந்தேகாலுக்குத்தான் முடியும். பென்குயின் அந்தக் கணக்கை இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னான். பிறகு, வருவது வரட்டும் என்று பொத்தானைத் தட்டிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான்.

ஒரு நிமிடம் கழித்துக் காதிலிருந்து கையை எடுத்தான். "ஏன் சத்தமே இல்ல?"

"ஓடலையோ?" என்றாள் ரேடியோ.

கப்பல் மாமா குனிந்து லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ஓடுது. காத்து நல்லா வருது. மூச்சு அடைச்சிருந்த எஞ்சின் மாப்பிள்ளை இது. சூட்டுக்குப் பயந்து இத்தனை நாளா அரை வேகம்கூட இல்லாமத்தான் வேலை செஞ்சிருக்கு. இப்ப பாரு."

பார்த்தார்கள். திரையில் ஒரு பச்சைக் கோடு நீண்டுகொண்டே போனது. நான்கு முப்பத்தைந்துக்கு மூன்றில் ஒரு பங்கு. நான்கு நாற்பத்தாறுக்கு முழுதும் முடிந்துவிட்டது. பென்குயின் கடிகாரத்தைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். திடீரென்று எழுந்து மாமனாரைக் கட்டிக்கொண்டான். மாமனார் என்ன செய்வதென்று தெரியாமல் அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"அனுப்பறதுக்கு முன்னாடி ஓடுதான்னு ஒரு தடவை பாருங்க" என்றாள் அண்ணி.

பென்குயின் தயங்கினான். ஏன் தயங்கினான் என்பது திறந்ததும் தெரிந்தது. விளையாட்டின் பெயர் 'மாமா தூங்குறார்'. ஒரு சின்ன வீடு. நடுவில் கட்டிலில் மலை போல ஒரு மீசைக்காரர். ஒல்லியான ஒருவன் பாத்திரம், பந்து, பொம்மை எதையும் மிதிக்காமல் வாசல் வரை போக வேண்டும். சத்தம் கேட்டால் மீசைக்காரர் எழுந்து உலக்கையோடு துரத்துவார்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் ஏதோ ஒரு விசிறியை அவசரமாகத் துடைக்க ஆரம்பித்தான்.

கப்பல் மாமா கிட்டே வந்து வெகுநேரம் பார்த்தார். "இந்த ஆள் யாரு?"

"சும்மா... கற்பனை மாமா."

"மீசை சின்னதா இருக்கு" என்றார் அவர். "நுனி இன்னும் கொஞ்சம் மேல போகணும்."

அதை மாற்ற அந்த நேரத்தில் வழியில்லை. அடுத்த தடவை மாற்றுவதாகப் பென்குயின் வாக்குக் கொடுத்தான். நான்கு ஐம்பத்தேழுக்கு விளையாட்டு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கிடைத்தது என்று பதில் வந்தபோது மணி நான்கு ஐம்பத்தெட்டு.

பென்குயின் சந்தோஷத்தில் கத்த வாயைத் திறந்தான். மனைவி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

கப்பல் மாமா கடை நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்கிப் போயிருந்தார். இரண்டு வருடத் தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது. மீசை மூச்சோடு ஏறி இறங்கியது.

"பாவம், எழுப்ப வேணாம்" என்று அண்ணி சைகை காட்டினாள். "ஒவ்வொருத்தரா வெளிய போங்க."

வாசலுக்கும் அவர்களுக்கும் நடுவில் விசிறி இறக்கைகளும் கம்பி வலைகளும் தரையெங்கும் பரவிக் கிடந்தன. பென்குயின்தான் முதலில் போனான். இரண்டு வருடமாக இதையே வரைந்தவனுக்கு எங்கே கால் வைப்பது என்பது அத்துப்படி. லேப்டாப்பைத் தலைமேல் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி தாண்டித் தாண்டிப் போனான். அவன் வைத்த இடத்திலேயே கால் வைத்து மனைவி போனாள். அண்ணி போனாள். சொந்தக் கடையில் அண்ணன் திருடன் மாதிரி நுனிக்காலில் போனான்.

கடைசியில் ரேடியோ. வாழ்நாளில் முதல் தடவையாக முழுதாக ஒரு நிமிடம் பேசாமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வந்தாள். வாசலுக்கு இன்னும் இரண்டே அடிதான். அண்ணி வெளியிலிருந்து கை நீட்டினாள்.

அப்போது ரேடியோவின் போன் அடித்தது.

அதை அணைக்கக் குனிந்த வேகத்தில் பின்னால் இருந்த கம்பி வலை அவள் காலில் பட்டு உருண்டது. உருண்டு போய் இறக்கைகளின் அடுக்கில் இடித்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இருபது வருட சர்வீஸும் தடதடவென்று சரிந்தது.

நாற்காலி கிரீச்சிட்டது.

"ஓடுங்க!" என்றான் பென்குயின்.